கடைசி வரிசைக்குக் கேட்கிறதா?

கடைசி வரிசையில் துறைத்தலைவர் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தார். மேடையில் நின்றவளுக்குக் கூரை பிய்த்துக்கொண்டு விழுவது போலக் கேட்டது.

"என்ன சத்தம் அது?" என்று மேலே அண்ணாந்து பார்த்தாள்.

"நான்தான் மேடம்," என்றது ஒரு குரல், காதோரம் நின்று சொல்வது போல. சட்டென்று திரும்பினாள். பக்கத்தில் யாரும் இல்லை. துறைத்தலைவர் ஹாலின் அந்தக் கோடியில், கன்னம் உப்ப, திருடி மாட்டிக்கொண்ட குழந்தை மாதிரி நின்றிருந்தார். "காலையில ஒண்ணும் சாப்பிடல மேடம். மன்னிச்சுக்குங்க."

பிறகு அவருக்கு போன் வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பி, வாயைக் கையால் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தார். அதுவும் எழுத்து எழுத்தாக மேடைக்கு வந்து சேர்ந்தது.

"இல்லம்மா, இப்ப வர முடியாது. இந்த அம்மா எப்ப ஊருக்குக் கிளம்புவாங்கன்னே தெரியல. வந்ததுலேர்ந்து ஒரே சுத்தியல் சத்தம். நானும் எவ்வளவு நேரம்தான் சிரிச்ச முகமா நிக்கிறது?"

"உக்காந்துக்கலாமே," என்றாள் அவள் மேடையிலிருந்து, சாதாரணக் குரலில்.

துறைத்தலைவரின் கையிலிருந்து போன் நழுவியது. அது தரையில் விழுந்த சத்தத்துக்குத் தச்சர் ஏணியிலிருந்து இறங்கியே வந்துவிட்டார்.

அவளுக்குத் தொழிலே இதுதான். அரங்கங்களுக்குக் காது வைத்துக் கொடுப்பது. எந்தெந்த ஊரிலோ இசை அரங்கம், நாடக அரங்கம் கட்டுகிறவர்களெல்லாம் அவளைத் தேடி வருவார்கள். எந்தச் சுவரில் மரம், எந்த மூலையில் துணி, கூரைப் பலகை எவ்வளவு சாய வேண்டும் என்று அவள் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. ஒரு நாட்டின் பாராளுமன்றத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை என்று கூப்பிட்டார்கள். சரிசெய்து கொடுத்தாள். கேட்க ஆரம்பித்த பிறகு சண்டை அதிகமாகிவிட்டது என்று சொன்னார்கள். அது அவள் பொறுப்பில்லை.

பரிசு வாங்குகிற மேடைகளில் எல்லாம் அவள் சொல்வது ஒரே கதைதான்.

"நான் படிச்ச காலத்துல எங்க ஊர் பஸ் என்னிக்குமே நேரத்துக்கு வராது. அதனால எனக்கு எப்பவும் கடைசி வரிசைதான். இயற்பியல் துறையில ஒரு பெரிய ஹால். அதுல எங்களுக்கு ஒரே ஒரு பாடம். சார் வருவார், கரும்பலகையைப் பார்த்து நின்னுட்டுப் பாடம் நடத்துவார். வருஷம் பூரா எனக்கு ஒரு வார்த்தை கேட்டதில்ல. அந்தப் பாடம் என்ன தெரியுமா? ஒலியியல்! ஒலியியலையே ஒலி இல்லாம படிச்ச செட் உலகத்துலேயே நாங்கதான்."

இந்த இடத்தில் சபை சிரிக்கும். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்துவாள்.

"கேட்காததை எல்லாம் லைப்ரரியில தேடினேன். ஏன் கேட்கலன்னும் தேடினேன். தேடினது தொழிலாயிடுச்சு."

கைதட்டல். அவள் கணவர் எந்த ஊராக இருந்தாலும் இந்தக் கைதட்டல் வந்ததும் எழுந்து கோட்டை மாட்டிக்கொள்வார். சாப்பாட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம்.

பல்கலைக்கழகத்திலிருந்து, 'நீங்கள் படித்த இடத்துக்கு ஏதாவது செய்ய விரும்புகிறீர்களா?' என்று கேட்டபோது அவள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"அந்த ஹாலைச் சரிபண்ணித் தர்றேன். அதுக்கு சார் பேரை வைக்கணும். திறக்கிற அன்னிக்கு சாரே வந்து அந்தப் பாடத்தோட முதல் வகுப்பை எடுக்கணும். நான் கடைசி வரிசையில உக்காந்து கேட்கணும்."

அவள் கேட்டது இவ்வளவுதான். ஒரே ஒரு வகுப்பு. உலகத்துக்கெல்லாம் கேட்க வைத்தவள், தான் கேட்காமல் விட்ட ஒன்றைக் கேட்டுவிட வேண்டும். சாருக்கும் வயதாகிவிட்டது. இப்போது விட்டால் எப்போதும் இல்லை.

அவர்மேல் அவளுக்கு அப்படி ஒரு பக்தி. தாமதமாக வந்தால் வாசலில் நிறுத்தி வைக்காத ஒரே வாத்தியார் அவர்தான். 'வா, வா' என்று கண்ணாலேயே கடைசி வரிசையைக் காட்டுவார். பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார், 'கடைசி பெஞ்சு' என்பார். அதில் திட்டு இருக்காது, செல்லம்தான் இருக்கும். வகுப்பு முடிந்து சந்தேகம் கேட்கப் போனால், "லைப்ரரியில பாரும்மா. நானே சொல்லிட்டா உனக்கு மறந்துடும். நீயா கண்டுபிடிச்சாத்தான் நிக்கும்," என்று சொல்லிவிட்டு வேகமாக நடப்பார். அப்படி ஒரு ஆசிரியரை அதற்குப் பிறகு அவள் பார்க்கவே இல்லை.

வேலையை ஆரம்பிக்குமுன் முறைப்படி தன் கருவியை வைத்து ஹாலை அளந்தாள். நல்ல ஹால், குறை ஒன்றும் இல்லை என்று காட்டியது.

"கருவியே நல்லாருக்குன்னு சொல்லுதே?" என்றார் கணவர்.

"கருவி என்ன, இங்க கடைசி வரிசையில உக்காந்து ஒரு வருஷம் படிச்சுதா? எங்க செட்டுல முன்வரிசைக்காரங்களுக்கே கேட்காதுங்க. அவ்வளவு மோசம் இந்த ஹால்." கருவியைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டாள்.

சுவரெல்லாம் மரச்சட்டம், மேலே சாய்ந்த பலகைகள். அதன் பலன்தான் இந்த பிஸ்கட் சத்தம்.

அன்று மாலையே சாருக்கு போன் போட்டாள்.

"சார், கடைசி வரிசையில பிஸ்கட் பிரிச்சா மேடைக்குக் கேட்குது சார்!"

"பிஸ்கட்டா?"

"ஆமா சார். பிஸ்கட்டுக்கே அப்படின்னா, நீங்க பேசினா எப்படி இருக்கும்னு பாருங்க! ஒரு எழுத்து தப்பாது."

அந்தப் பக்கம் சார் தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, கடைசி பெஞ்சு..."

"சொல்லுங்க சார்."

"எனக்கு ரெண்டு நாளா தொண்டை சரியில்லம்மா."

அவள் வாடிப்போனாள். ஆனாலும் வேலை நிற்கக் கூடாது. சத்தம் அதிகமாகக் கேட்கிறது, அதைக் கொஞ்சம் உறிஞ்சி எடுக்க வேண்டும். பின்சுவர் முழுக்கக் கனமான திரை தைத்துத் தொங்கவிட்டாள். பக்கச்சுவருக்கும் போட்டாள். சோதித்துப் பார்க்கத் துறை ஆசிரியர்கள் எல்லாரையும் உட்கார வைத்துத் துறைத்தலைவரைப் பேசச் சொன்னாள்.

துறைத்தலைவர் ஆண்டறிக்கையை எடுத்துப் படித்தார். வாய் அசைந்தது, கை அசைந்தது, கண்ணாடி நழுவியது. சத்தம் மட்டும் மேடையை விட்டு இறங்கவில்லை. பஞ்சு மூட்டைக்குள் உட்கார்ந்த மாதிரி எல்லாருக்கும் காது அடைத்தது. முதலில் ஒருவர் கொட்டாவி விட்டார். அது வரிசை வரிசையாகப் பின்னால் போய், திரும்பி முன்னால் வந்தது. கொஞ்ச நேரத்தில் பாதிப்பேர் தலை சாய்ந்துவிட்டது.

"திரையாலயா, அறிக்கையாலயா?" என்று கணவர் அவள் காதில் கேட்டார். நல்லவேளை, அதுவும் யாருக்கும் கேட்கவில்லை.

இரவு சாப்பிடக்கூட மனமில்லாமல் சாருக்கு போன் போட்டாள்.

"சார், கெடுத்துட்டேன் சார். திரை போட்டதுல மூணாவது வரிசைக்குக்கூட இப்ப ஒண்ணும் கேட்கல."

"அப்படியா!" சாரின் குரலில் இளமை திரும்பிவிட்டது. "ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே கேட்கல சார்."

"அடடா, அதனால என்னம்மா? அப்படியே விட்டுடு. அழகா இருக்கும். எத்தனை மணிக்கு வரணும் நான்?"

"தொண்டை, சார்?"

"தொண்டைக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கு!"

போனை வைத்துவிட்டு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எவ்வளவு பெரிய மனசு பாருங்க. நான் சொதப்பிட்டேன்னு தெரிஞ்சதும், என்னை விட்டுக்கொடுக்கக் கூடாதுன்னு உடம்பு சரியில்லாததைக்கூட மறைக்கிறாரு."

கணவர் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "சாப்பிடு முதல்ல."

அந்தப் பெரிய மனசுக்காகவாவது சரிசெய்தே தீருவது என்று மறுநாள் பாதித் திரையை எடுத்தாள். தச்சரை மேலே ஏற்றிக் கூரைப் பலகைகளின் சாய்வை மாற்றச் சொன்னாள்.

"போன வாரம் இந்தப் பக்கம் சாய்க்கச் சொன்னீங்க," என்றார் தச்சர்.

"இப்ப அந்தப் பக்கம் சாய்ங்க."

"நாளைக்கு?"

"நாளைக்கு நாளைக்குப் பார்ப்போம். சாய்ங்க."

சாய்த்தார். ஹாலுக்குள் பேசினால் ஓரளவு கேட்டது. ஆனால் ஹாலுக்குள் யாரும் பேசாதபோதும் கேட்டது. கூரை ஓரத்தில் இருந்த காற்றுத் துவாரம், மாடியிலிருந்த ஆசிரியர்கள் அறையோடு இணைந்திருந்தது. புதுச் சாய்வில் பலகை அந்தத் துவாரத்துக்கு நேரே வாய் திறந்து நின்றது.

"தலைவர் திறப்பு விழாவுக்குப் புது சட்டை எடுத்திருக்காராமே?" என்றது கூரை.

"சட்டை புதுசா இருந்து என்ன, பேச்சு பழசுதானே," என்றது இன்னொரு கூரை. கோப்பைகள் மோதும் சத்தமும் சிரிப்பும் தொடர்ந்தன.

ஹாலின் நடுவில் புது சட்டையோடு ஒத்திகைக்கு வந்து நின்றிருந்த துறைத்தலைவர், பொத்தானைத் தடவிக்கொண்டே, "அந்த ஓட்டையை அடைச்சுடுங்க மேடம்," என்றார்.

அடைத்தார்கள். காற்று நின்றுபோனது. ஹால் அடுப்பாகிவிட்டது. மின்விசிறிகளைப் போட்டார்கள். தொங்கிய பாதித் திரைகள் காற்றில் எழும்பிச் சுவரில் படார் படார் என்று அடித்தன.

"இதுக்கு அந்தக் கூரைப் பேச்சே தேவலாம்," என்றார் தச்சர்.

இதற்கு நடுவில் சாருக்கு மறுபடி தொண்டை கட்டிக்கொண்டது. 'ஓரளவு கேட்குது சார்' என்று அவள் சொன்ன அன்றைக்கே.

கணவர்தான் யோசித்துச் சொன்னார். "எனக்கு ஒண்ணு தோணுது. அவருக்குக் காது கேட்காம போயிருக்கும். வெளியில சொல்ல வெட்கப்பட்டுத்தான் சாக்கு சொல்றார். ஹாலைப் பத்தி நீ சொல்லச் சொல்ல அவருக்கு எப்படி இருக்கும்?"

அவளுக்கு நெஞ்சில் குத்தியது. ஒலியியல் வாத்தியாருக்கே காது போய்விட்டதா? இது தெரியாமல் பிஸ்கட் கதையெல்லாம் சொல்லி வதைத்துவிட்டோமே! இருவரும் பழம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார்கள்.

கதவைத் திறந்தது சாரின் மனைவி. பின்னால் சார், வெள்ளை வெளேரென்ற தலையோடு, அதே கண்ணால் 'வா, வா' என்றார்.

"சார்! நல்லா இருக்கீங்களா சார்!" என்று அவள் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கூவினாள்.

"ஏம்மா கத்தறே?" என்றார் சாரின் மனைவி. "பக்கத்து வீட்டுல குழந்தை தூங்குது."

"சாருக்குக் கேட்கணுமேன்னு..."

"இவருக்கா? உள்ள நான் டப்பாவைத் திறந்தா வாசல்லேர்ந்து 'எனக்கும் ரெண்டு'ன்னு கேட்கிற ஆளும்மா இவர்."

கணவர் ஜன்னலுக்கு வெளியே எதையோ மிகவும் ஆர்வமாகப் பார்த்தார்.

டீ வந்தது. பழைய கதை வந்தது. யார் யார் எங்கே இருக்கிறார்கள், யார் யார் இல்லை, நூலகத்தின் மரப்படி இன்னும் கிறீச்சிடுகிறதா, ஹால் ஜன்னலில் வந்து உட்காரும் அந்தச் சாம்பல் பூனையின் வம்சம் இருக்கிறதா என்று சார் ஒவ்வொன்றாகக் கேட்டார். பேச்சு பாடத்தின் பக்கம் திரும்பியதும் மட்டும் டீக் கோப்பைக்குள் பார்க்க ஆரம்பித்தார்.

"அந்தத் திரை இன்னும் இருக்காம்மா?"

"பாதியை எடுத்துட்டேன் சார்."

"அடடா. நல்ல திரையாச்சே."

"சார், உங்க பேர்ப்பலகை வந்தாச்சு. பித்தளையில."

"அந்த ஹாலுக்கா என் பேரு?" சார் நிஜமாகவே பதறினார். "வேண்டாம்மா. சைக்கிள் நிறுத்தற கொட்டகைக்கு வையேன். எனக்கு அது போதும்."

"என்ன சார் நீங்க! அந்த முதல் வகுப்புல நீங்க என்ன சொன்னீங்கன்னு தெரியாமலே எனக்குத் தலை நரைச்சுடுச்சு. அதை மட்டும் ஒரு தரம் சொல்லிடுங்க. வேற எதுவும் வேண்டாம்."

சார் மனைவியைப் பார்த்தார். மனைவி கையிலிருந்த டீக் கெண்டியைப் பார்த்தார்.

"அதுல பெருசா ஒண்ணும் இல்லம்மா," என்றார் சார், மெல்ல.

"பார்த்தீங்களா, எவ்வளவு அடக்கம்!" என்றாள் அவள் கணவரிடம். சாரின் மனைவிக்குப் புரை ஏறியது; கெண்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வாசல்வரை வந்த சார், அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வர்றேன்மா. நீ இவ்வளவு தூரம் வந்து கேட்டப்புறம் வராம எப்படி? வர்றேன்," என்றார், ஏதோ பெரிய அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொள்கிறவர் போல.

விழா நெருங்கிவிட்டது. படபடக்கும் திரையைக் கழற்றினாள். திரை போனதும் மரச்சட்டம் எதிரொலித்தது, அதையும் கழற்றினாள். சட்டம் போனதும் கூரைப் பலகை எதற்கென்று தெரியவில்லை. அதுவும் இறங்கியது. துவாரத்தைத் திறந்துவிட்டார்கள்.

"எல்லாம் கழட்டியாச்சும்மா," என்றார் தச்சர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "இனிமே கழட்டணும்னா சுவரைத்தான் கழட்டணும்."

மாலை வெயில் உயரமான ஜன்னல்கள் வழியாக வந்து பெஞ்சுகளின் மேல் நீளநீளமாகக் கிடந்தது. அவள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். மரம் வழவழப்பாக, அதே குளிர்ச்சியோடு இருந்தது. ஓடி வந்த மூச்சிரைப்பும், பஸ்ஸின் டீசல் வாடை ஒட்டிய துணியும், கூடப் படித்தவள் ரகசியமாக நகர்த்தித் தரும் பாதி ஆரஞ்சும் நினைவுக்கு வந்தன. என்ன வயது அது! அப்போது எதுவும் கேட்காவிட்டாலும் எல்லாம் புரியும் போல இருந்தது.

கணவர் மேடை ஏறினார். வீட்டில் பேசுகிற குரலில், "கடைசி வரிசைக்குக் கேட்கிறதா?" என்றார்.

"கேட்குது."

"கிளம்பறப்ப வீட்டுல அடுப்பை அணைச்சியா?"

"கேட்குது. அணைச்சேன்."

தெளிவாக, இதமாக, கூடவும் இல்லை குறையவும் இல்லை. பெட்டியிலிருந்து கருவியை எடுத்து அளந்தாள். நல்ல ஹால் என்றது. பின்சுவரில் கழற்ற மறந்துபோன ஒரே ஒரு மரப்பலகை மட்டும் பாக்கி இருந்தது.

"அதான் விஷயம்!" என்று துள்ளி எழுந்தாள். "எல்லாம் அந்த ஒரு பலகையிலதான் இருந்திருக்கு!"

"அந்த ஒரு பலகைக்கா மேடம் இவ்வளவு நாள்?" என்றார் துறைத்தலைவர்.

"நுட்பம்னா அப்படித்தான் சார் இருக்கும்."

தச்சர் பலகைகளை வண்டியில் ஏற்றினார்.

விழா அன்று ஹால் பிதுங்கியது. படியெல்லாம் மாணவிகளும் மாணவர்களும். சார் மேடை ஏறினார். மைக் வேண்டுமா என்று துறைத்தலைவர் கேட்க, அவள் பின்னாலிருந்து பாய்ந்து தடுத்தாள். பிறகு கடைசி வரிசையில் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் சாரின் மனைவி.

சார் கரும்பலகையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"பாடம் நடத்தச் சொல்லி உத்தரவு," என்றார். கணீரென்று வந்தது குரல், கோயில் மணி மாதிரி. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. "பாடத்தை உங்க வாத்தியாருங்க நடத்திக்குவாங்க. பாடத்தைச் சுத்தி இங்க என்னென்ன நடந்துச்சோ, அதைச் சொல்றேன்."

சொன்னார். பரீட்சை அன்று மேசைமேல் தூங்கிய சாம்பல் பூனையைப் பற்றி. கூரை ஒழுகியபோது குடையோடு உட்கார்ந்து குறிப்பெடுத்த வகுப்பைப் பற்றி. இந்தப் பெஞ்சுகளில் உட்கார்ந்தவர்களில் யாருடைய சிரிப்பு எப்படி இருக்கும் என்பதைப் பற்றி. ஹால் சிரித்தது, சிரித்தபடியே அமைதியானது.

"கடைசி பெஞ்சுல ஒரு பொண்ணு. வகுப்பு முடிஞ்சதும் எல்லாரும் ஓடிடுவாங்க. அவ மட்டும் தனியா நின்னு, ஒரு தரம் கை தட்டுவா. அப்புறம் காதைத் தீட்டிக்கிட்டு நிப்பா. மறுபடி தட்டுவா. எதிரொலியை எண்ணறாளாம். எனக்கு அது தெரியாது. எனக்குத்தான் கை தட்டறான்னு நினைச்சுட்டேன். எனக்கு யாரும் கை தட்டினதில்ல. அதனால தினமும் கதவுக்கு வெளியில நின்னு, அதைக் கேட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்."

கைதட்டல் எழுந்து ஓயவே இல்லை. அவளுக்குக் கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

எல்லாம் முடிந்து, மாணவர்கள் சாரைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளும் சாரின் மனைவியும் வெளியே வாசற்படியில் உட்கார்ந்து வண்டிக்காகக் காத்திருந்தார்கள். கணவர் வழக்கம்போலக் கோட்டை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்.

"முதல் வகுப்பைத்தான் கேட்க முடியல," என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "பரவாயில்லம்மா, மேடையிலேர்ந்து அவர் குரலைக் கேட்டுட்டேன். என்ன குரல்! இதைப் போய் ஒரு வருஷம் பூரா என் காதுக்கு வராம பண்ணிடுச்சே இந்தப் பாழாப்போன ஹால்."

சாரின் மனைவி உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஹால் என்னம்மா பண்ணும், பாவம்? ஒலியியல் வாத்தியார் திடீர்னு வேலையை விட்டுட்டுப் போனதுல, அந்தப் பாடத்தைக் கொண்டுவந்து இவர் தலையில கட்டிட்டாங்க. இவருக்கோ அதுல ஒரு வரி தெரியாது. சத்தம் வந்தாத்தானே கேள்வி கேட்பீங்கன்னு, வருஷம் பூரா வெறும் வாயைத்தான் அசைச்சுட்டு வந்தாரு!"